எல்.சி. யார் பெயரில்?

ஜனவரி 6, திங்கள்

வல்லியின் படகில் காற்றாலை பொருத்தும் வேலையை இன்று ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டேன் என்பதைவிட, மறுக்க வாய் வரவில்லை என்பது சரி. வேலை ஒழுங்கு எழுதாமல் எதையும் தொடங்கிப் பழக்கமில்லை. எனவே:

1. தூண். படகின் பின்முனையில். நின்றபடி கையைத் தூக்கினாலும் இறக்கை எட்டாத உயரம்.
2. தூணுக்கு இரண்டு தாங்குகால்கள். அடியில் ரப்பர், அதிர்வு படகுக்குள் இறங்காமலிருக்க.
3. கம்பி. தூணுக்குள்ளேயே இறங்கி, பாட்டரி வரை.
4. நிறுத்து சுவிட்ச். அதன்மேல் எல்.சி. அட்டை, யாரும் தொடாமலிருக்க. அட்டை, கம்பியில் கை வைப்பவரின் உயிருக்காக மட்டுமே. சுவிட்ச் பக்கத்தில் காத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.
5. காற்றாலையின் தலை, இறக்கைகள். இறக்கைகளைக் கயிற்றால் கட்டிய பிறகே மேலே ஏற்றுவது.
6. சோதனை.
7. வல்லி புறப்படுவது. (இது என் வேலை அல்ல. ஒழுங்கு முழுமையாக இருக்கட்டும் என்று எழுதினேன்.)

செண்பகவல்லி என் ஒரே மகள். நாற்பத்து மூன்று வயது. சரக்குக் கப்பல்களில் இரண்டாம் அதிகாரியாக இருந்து, போன வருடம் விலகினாள். கொச்சியில் ஒரு ஜெர்மன் தம்பதி விற்றுவிட்டுப் போன பாய்ப்படகை வாங்கித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அதற்கு 'உள்ளான்' என்று பெயர். வாடைக்காலத்தில் எங்கிருந்தோ வந்து நம் உப்பளங்களில் மேய்ந்துவிட்டுப் போகும் அந்தச் சிறு பறவையின் பெயர்தான். அதில் தன்னந்தனியாக மாலத்தீவு போய், அங்கிருந்து செஷல்ஸ் போவதாகத் திட்டம்.

அவள் தூங்கும்போது படகை ஓட்டுவது தானியங்கிச் சுக்கான். அது மின்சாரத்தைக் குடிக்கும். கூரையில் இருக்கும் சூரியத் தகடு இரவில் உதவாது. அதற்குத்தான் காற்றாலை.

"இது இல்லாம போகமாட்டேன்ப்பா, சத்தியம். ஆனா வாடை இருக்கும்போதே போயிரணும். மாசி தாண்டுனா காத்து செத்துரும். அப்புறம் அடுத்த வருசந்தான்."

அடுத்த வருடம் என்று சொன்னவள் என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா சிரிக்கிய?" என்று கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 8, புதன்

படகு கட்டியிருப்பது சிலுவை மச்சாதுவின் பட்டறைத் துறையில். மச்சாதுவுக்கு அறுபது வயது இருக்கும். தோணி கட்டும் குடும்பம். சாதாரணமாகப் பேசினாலே அக்கரைக்குக் கேட்கும். நான் துறையின் பலகையில் கால் வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! கம்பியப் புடிச்சுக்கிட்டு வாங்க. கடல் ஒண்ணும் கடிக்காது."

பலகைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. கீழே தண்ணீர். தாண்டிவிட்டேன். எப்படித் தாண்டினேன் என்பதை எழுத விருப்பமில்லை.

தூணுக்கு ஸ்டெயின்லெஸ் குழாய் தேர்ந்தெடுத்தோம். மச்சாது மெல்லிய குழாய் போதும் என்றார். நான் தடித்தது வேண்டும் என்றேன். அவர் வல்லியைப் பார்த்தார். வல்லி, "அப்பா சொல்றதுதான்" என்றாள்.

காயல்பட்டினம் வரைக்கும் ஒரு சுற்று போய் வரலாமா என்று அவள் கேட்டாள். வேலை முடியட்டும் என்றேன்.

ஜனவரி 11, சனி

தூண் அளவு எடுத்தேன். திரும்ப எடுத்தேன். படகு தண்ணீரில் மேலும் கீழும் போவதால் அளவு மாறுகிறதோ என்று சந்தேகம் வந்து மறுபடியும் எடுத்தேன். தூணும் படகோடு சேர்ந்துதான் மேலே போகும் என்பது வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது. நல்லவேளை, யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன அண்ணாச்சி, மாதா கோயில் தேர் கட்டுத மாதிரில்லா கட்டுதிய! ஒரு சின்னக் காத்தாடிக்கா இம்புட்டு?"

"காத்தாடி இல்லை, காற்றாலை," என்றேன்.

"ஆலைன்னா என்னப்பா, மாவு அரைக்கப் போறோமா?" என்றாள் வல்லி. இருவரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. வேலை நேரம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேலை இல்லை. வல்லி படகிலேயே பொங்கல் வைத்தாள். அங்கே அடுப்பு ஊஞ்சல்போலத் தொங்குகிறது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு நேராகவே இருக்கும். பால் பொங்கியபோது எந்தத் திசையில் வழிந்தது என்று நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அதற்குள் ஒரு விசைப்படகு கடந்துபோய் அலை அடித்து எல்லாப் பக்கமும் வழிந்தது.

"எல்லாத் திசையும் நல்ல திசைதான்ப்பா," என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

சுவிட்ச் பொருத்தினேன். ஒழுங்குப்படி இது நான்காவது. ஆனால் இறக்கைகள் மேலே போகும் முன் சுவிட்ச் தயாராக இருப்பது நல்லது என்று தோன்றியது.

சுவிட்சுக்கு இரண்டு பக்கம். 'ஓடு' பக்கம் தள்ளினால் காற்றாலையின் மின்சாரம் பாட்டரிக்குப் போகும். 'நிறுத்து' பக்கம் தள்ளினால் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். காற்றாலை தன் மின்சாரத்தைத் தானே விழுங்கித் திணறி, புயலிலும் நடைப்பிணம்போல மெதுவாகவே சுற்றும். பெயர்களை நானே பெயின்டால் எழுதினேன்.

அதன்மேல் எல்.சி. அட்டையை மாட்டினேன்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். மின்வாரியத்தில் இருந்த காலம் முழுதும் நான் கும்பிட்ட ஒரே தெய்வம் அதுதான். கம்பத்தில் ஏறுகிறவர், ஏறுமுன் தன் பெயரில் எல்.சி. வாங்குவார். துணைமின் நிலையத்தில் சுவிட்சை இறக்கி, அவர் பெயர் எழுதிய அட்டையை அதில் மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதே ஆள் தன் வாயால் 'ரிட்டர்ன்' சொல்லவேண்டும். அதுவரை மந்திரியே வந்து சொன்னாலும் சுவிட்சில் கை வைக்கக்கூடாது.

இந்த அட்டை, துருப்பிடித்ததென்று கழித்துப் போட்டது. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. சிவப்புத் தகரம். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற எழுத்து. கீழே சுண்ணாம்புக்கட்டியால் பெயர் எழுத ஒரு கறுப்புப் பட்டை. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று சாயங்காலம் வல்லி இதைத் தன் அறைக்கதவில் மாட்டியிருந்தாள். பட்டையில் அவள் பெயர். நானும் என் மனைவி பிரமுவும் கதவைத் தட்டவில்லை. மறுநாள் அவளே எடுத்துக்கொண்டு வந்து, "ரிட்டர்ன்" என்றாள். தோசை சாப்பிட்டாள்.

பிரமு இறந்தபோது நான் இதைச் சமையலறைக் கதவில் மாட்டினேன். கப்பலிலிருந்து வந்த வல்லி என் பெயரைப் பார்த்தாள். நான் எடுக்கும்வரை இருவரும் ஓட்டலில் சாப்பிட்டோம். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

இன்று பட்டையில் 'கோமதிநாயகம்' என்று எழுதினேன். கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

தாங்குகால்கள் நின்றுவிட்டன. ரப்பர் வாஷர்கள் மெல்லியவை என்று எனக்குப் பட்டது. கழற்றி, தடித்தவை போட்டேன்.

ஜனவரி 22, புதன்

தடித்தவை மிகத் தடிமன். மறுபடி பழையவை.

ஜனவரி 25, சனி

கம்பியைத் தூணுக்குள் இறக்கினேன். வேலை முடிந்து ஸ்பானர்களைத் துடைக்கும்போது, கம்பியின் கனம் போதுமா என்று தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், போதும். இருந்தாலும் அடுத்த கனம் வாங்கி மாற்றிவிடலாம் என்று வல்லியிடம் சொன்னேன்.

அவள் பாய்த்துணியில் ஊசி கோர்த்துக்கொண்டிருந்தாள். "கணக்கு என்னப்பா சொல்லுது?"

"போதும்னுதான் சொல்லுது."

"பின்னே?"

"கணக்குல தப்பு இருக்கலாம்."

"நீங்க போட்ட கணக்குல தப்பா?" என்றாள். பிறகு ஊசியைப் பார்த்துக்கொண்டே, "சரி, மாத்துங்க. ரெண்டு நாள் ஆகட்டும்," என்றாள்.

நாலு நாள் ஆகும் என்பதை நாளை சொல்லவேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

காற்றாலையின் தலை தூண்மேல் ஏறியது. இறக்கைகளைக் கயிற்றால் கட்டியே ஏற்றினோம். மச்சாதுவின் ஆட்கள் தூக்கிப் பிடிக்க, வல்லி ஏணியில் நின்று போல்ட் முடுக்கினாள். நான் கீழே நின்று, "பாத்தும்மா, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு ஓர் ஆள் தேவையா என்று மச்சாது கேட்டார். தேவை என்று வல்லி சொன்னாள்.

கயிற்றை அவிழ்த்ததும் இறக்கைகள் மெல்ல அசைந்தன. சுவிட்ச் 'நிறுத்து' பக்கம் இருப்பதால் மெதுவாகத்தான் சுற்றும். நல்ல வாடை அடித்தது.

"சோதனை?" என்றாள்.

"எல்லா போல்ட்டையும் ஒரு தடவை பார்த்துடுதேன். நாளைக்கு."

பிப்ரவரி 1, சனி

சோதனை. சுவிட்ச் 'நிறுத்து' பக்கம் இருக்கும்போது ஆம்மீட்டர் பூஜ்யம் காட்டியது. காட்டவேண்டியதும் அதுவே. 'ஓடு' பக்கம் தள்ளிப் பார்ப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

வல்லி வந்து கேட்டபோது, "பூஜ்யம்தான் காட்டுது," என்றேன். அது பொய் அல்ல.

பிப்ரவரி 3, திங்கள்

ஆம்மீட்டர் பூஜ்யம். இணைப்புகள் அனைத்தையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

மச்சாது துறையில் நின்று இறக்கைகளை அண்ணாந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, ஆட்டை முழுங்குன மலைப்பாம்பு மாதிரில்லா புரளுது! இந்தக் காத்துக்கு என் வேட்டியே மூணு சுத்து சுத்தும்."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"பேரிங்கா இருக்கும். நான் சொல்லுதேன், பேரிங்குதான். நான் கட்டுன தோணி மாலத்தீவுக்கு எத்தன தடவ வெங்காயம் கொண்டு போயிருக்கு தெரியுமா? எனக்குத் தெரியாத பேரிங்கா?"

பேரிங் நன்றாக இருக்கிறது. இருந்தாலும், "இருக்கலாம்," என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

பிப்ரவரி 6, வியாழன்

வல்லி தூங்கிப் பழகுகிறாள். கடலில் தனியாக இருப்பவர் நீளத் தூங்கக்கூடாதாம். சிறிது தூங்கி, அலாரம் அடித்ததும் எழுந்து, நாலு பக்கமும் கப்பல் வருகிறதா என்று பார்த்து, மறுபடி தூங்கவேண்டும். மத்தியானம் அவள் படகின் உள்பலகையில் படுத்திருந்தாள். அலாரம் அடித்தது. எழுந்தாள், மேலே வந்தாள், சுற்றிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்ப் படுத்தாள். மறுபடி அடித்தது. வந்தாள், பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணில் நான் ஒரு கப்பலைப்போலப் பட்டிருக்கவேண்டும்.

அவள் நாலு வயதில் தூக்கத்தில் நடப்பாள். இதை இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை.

புறப்படும்போது, ஏன் போகிறாய் என்று கேட்டேன். இத்தனை நாளில் முதல் தடவை.

"இருபது வருசம் கடல்லதான்ப்பா இருந்தேன். எட்டு மாடி ஒசரத்துலேருந்து. ஒரு நாள்கூட அதத் தொட்டதில்ல."

தொடுவதற்குத் துறைமுகத்துக்குள் தண்ணீர் இல்லையா என்று கேட்க நினைத்தேன்.

பிறகு அவள் சுவிட்ச் இருக்கும் பக்கம் பார்த்து, "எல்.சி. இன்னும் உங்க பேர்லதானப்பா இருக்கு?" என்றாள்.

"ஆமா."

"சரி," என்றாள்.

பிப்ரவரி 8, சனி

ஆம்மீட்டர் பூஜ்யம்.

பிப்ரவரி 10, திங்கள்

உட்கார முடியவில்லை. வீட்டில் இருந்தால் துறைக்குப் போகவேண்டும்போல இருக்கிறது. துறைக்குப் போனால் வீட்டில் ஏதோ மறந்ததுபோல இருக்கிறது. இன்று ஷேர் ஆட்டோவில் பாதி வழி போய் இறங்கித் திரும்பினேன். மறுபடி ஏறினேன். அதே ஆட்டோக்காரர். "தாத்தா, எதாவது ஒரு பக்கம் முடிவு பண்ணுங்க," என்றார்.

வல்லி புறப்படும் தேதியைச் சுங்கத்துறையிலும் குடியேற்ற அலுவலகத்திலும் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இது இரண்டாவது தடவை. கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டால் எனக்கு வசதியாக இருக்கும். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

மாசி பிறந்துவிட்டது. காலையில் படகின் கொடி அசையவில்லை. பத்து மணிக்குமேல் வாடை வந்தது, ஆனால் முன்போல இல்லை.

பிப்ரவரி 15, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

நான் படகின் உள்ளே, பாட்டரிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. மேலே மச்சாதுவின் கால்சத்தம் கேட்டது. நான் வந்திருப்பது அவருக்குத் தெரியாது. வல்லி பாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, வாடை தளருது. இன்னும் ஒரு வாரம், மிஞ்சுனா பத்து நாள். பேரிங்க மாத்திரலாமுன்னு பாத்தா அண்ணாச்சி தொட விடமாட்டேங்காக. இது என்னத்துக்கு இங்க ஒரு சுவிட்சு? இந்தப் பக்கம்லா தள்ளியிருக்கு. அந்தப் பக்கம் தள்ளிப் பாத்தியளா?"

"மாமா! கைய எடுங்க!"

வல்லி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கப்பலில் இப்படித்தான் கத்துவாளாக இருக்கும்.

"என்னட்டி, ஷாக்கா அடிக்கப் போவுது?"

"அட்டையப் பாருங்க. அப்பா பேர்ல எல்.சி. இருக்கு. அவங்க ரிட்டர்ன் சொல்லாம யாரும் தொடக்கூடாது. நானும்தான்."

"அது ஒரு தகரம்மா."

"எங்க வீட்டுல அது தகரம் இல்ல."

மச்சாது ஏதோ முணுமுணுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினாலும் உள்ளே கேட்கும். "அண்ணாச்சி வேணுமின்னே..."

"மாமா, டீ குடிக்கப் போவமா?" என்றாள் வல்லி.

அவர்கள் பலகையில் நடந்துபோகும் சத்தம் கேட்டது. நான் பாட்டரிப் பெட்டிக்குப் பின்னாலேயே இருந்தேன். கால் மரத்துப்போனது.

அந்த அட்டையை மாட்டிவிட்டுக் கம்பத்தில் ஏறாத ஆள் ஒருவனைக்கூட என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையிலேயே போனேன். மச்சாது கோயிலுக்குப் போயிருந்தார், துறையில் யாரும் இல்லை. வல்லி காபி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்று, சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆபரேட்டர்," என்றேன். துணைமின் நிலையத்தில் சுவிட்ச் பக்கம் இருப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள். "சொல்லுங்க."

"லைன்ல ஆள் இல்ல. சாமான் இல்ல. கோமதிநாயகம் பேர்ல இருந்த எல்.சி. ரிட்டர்ன்."

"கோமதிநாயகம் எல்.சி. ரிட்டர்ன் வாங்கிக்கிட்டேன்."

அட்டையை எடுத்தேன். சுவிட்சை 'ஓடு' பக்கம் தள்ளினேன்.

ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மேலே அந்த மலைப்பாம்பு விழித்துக்கொண்டது. இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரு வட்டமாயின. ஆம்மீட்டரின் முள் நடுங்கி, ஏறி, நின்றது. ரப்பர் சரியான கனம்தான். கையை வைத்துப் பார்த்தேன், தரையில் அதிர்வே இல்லை.

"கோளாறு ஒண்ணும் இல்லம்மா," என்றேன்.

"தெரியும்ப்பா."

"எப்பலேருந்து?"

"மொத நாளே. எந்தப் பக்கம்னு நீங்களே பெயின்டுல எழுதியிருக்கியல்லா."

"நீயே தள்ளியிருக்கலாமே."

"எப்படித் தள்ளுவேன்? உங்க பேர்லல்லா இருக்கு."

"நான் எடுக்காமலே இருந்திருந்தா?"

அவள் காபியை எடுத்து வந்து கொடுத்தாள். "அடுத்த வருசம் போயிருப்பேன்," என்றாள்.

காபியில் சர்க்கரை போட மறந்திருந்தாள். குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மச்சாது பார்த்துவிட்டு, "நாஞ் சொன்னம்லா, பேரிங்கு! லேசா சுத்தம் பண்ணதும் சரியாப் போச்சு," என்றார். ஆமாம் என்றோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முயல்தீவு தாண்டிப் போய்வந்தோம். நானும் போனேன். உயிர்காப்புச் சட்டையின் வார்களை வல்லி இழுத்துக் கட்டினாள். அவளை முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது பிரமு இப்படித்தான் பை வாரை இழுத்துக் கட்டினாள்.

போகும்போதும் வரும்போதும் நான் பொருத்திய தூணைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். தூண் அசையவில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். இரண்டாவது தடவை மச்சாது கரையிலிருந்தே பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, மீனுக்கெல்லாம் இன்னைக்கு விருந்தா?"

தீவுக்கு அப்பால் திரும்பும்போது வல்லி இன்ஜினை நிறுத்தினாள். பாய் நிரம்பியது. சுக்கானைத் தானியங்கியிடம் விட்டுவிட்டு, ஓரக் கம்பிக்கு வெளியே குனிந்து தண்ணீரில் கை வைத்தாள். கை வைத்த இடத்தில் ஒரு கோடு விழுந்து பின்னால் போனது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன். மூடவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

போய்விட்டாள்.

காலை ஒன்பது மணிக்குமேல் நல்ல வாடை எழுந்தது. அதிகாரிகள் வந்து தாள்களில் முத்திரை குத்தினார்கள். மச்சாது மாதா படம் ஒன்று கொடுத்தார். நான் உபரி ரப்பர் வாஷர்கள் கொடுத்தேன், தடித்தவையும் மெல்லியவையும்.

"அழாதிய அண்ணாச்சி," என்றார் மச்சாது.

"நான் அழல."

"நான் எனக்குச் சொன்னேன்," என்றார். அவர் மூக்கைச் சிந்தினார்.

பாய் தெரியாமல் போன பிறகும் காற்றாலை கொஞ்ச நேரம் தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. உயரக் கணக்குப்படி அது முடியாது. பாய்மரம் அதைவிட உயரம்.

வீட்டுக்கு வந்து விசிறியைப் போட ஹாலின் சுவிட்ச் பலகைக்குப் போனேன். விசிறிச் சுவிட்சின்மேல் சிவப்புத் தகரம் தொங்கியது. நான் அட்டையைப் படகிலேயே விட்டதாக நினைத்திருந்தேன். நேற்று சாமான் எடுக்க வந்தபோது வல்லி மாட்டியிருக்கவேண்டும். கறுப்புப் பட்டையில் சுண்ணாம்புக்கட்டி எழுத்து, நன்றாக இடம் விட்டு, கடைசி எழுத்துவரை: செண்பகவல்லி.

பிப்ரவரி 24, திங்கள்

காலைதோறும் அவளுடைய செயற்கைக்கோள் கருவியிலிருந்து ஒரு வரிச் செய்தி வருகிறது. படகு எங்கே, பாட்டரி எவ்வளவு. பாட்டரி நிறைந்தே இருக்கிறது. அந்த வரி வரும்வரை வாசலுக்கும் ஹாலுக்குமாக நடக்கிறேன். வந்த பிறகும்தான்.

பிப்ரவரி 26, புதன்

செய்தி வரவில்லை.

பிப்ரவரி 26, சாயங்காலம்

வந்தது. கருவியை வானம் தெரியும் இடத்தில் வைக்க மறந்துவிட்டாளாம்.

இடைப்பட்ட நேரத்தில் நான் செய்ததை எழுதுகிறேன். சுவிட்ச் பலகைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உட்கார முடிந்தது.

மார்ச் 5, புதன்

வல்லி மாலத்தீவின் வடக்குத் தீவு ஒன்றில் நங்கூரம் போட்டு மூன்று நாள் ஆகிறது. தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறதாம். அங்கே ஒரு மாதம் இருந்து, செஷல்ஸ் போய், படகை அங்கே விட்டுவிட்டு விமானத்தில் வருவாளாம். வர ஆனி ஆகிவிடும்.

மச்சாது விசாரிக்க வந்தார். வெயில் இப்போதே தாங்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"புள்ள சேந்துட்டாள்லா, இனிமே என்ன! ஏன் அண்ணாச்சி இப்படி வேர்த்து ஊத்த உக்காந்திருக்கிய? ஃபேனப் போடக் கூடாதா?" எழுந்து சுவிட்ச் பலகைக்குக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க!" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மச்சாது கையை உதறிக்கொண்டு திரும்பினார். பிறகு அட்டையைப் பார்த்தார். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஆனி வரைக்குமா?"

"லைன்ல ஆள் இருக்கு. அவதான் வந்து ரிட்டர்ன் சொல்லணும்."

அவர் மூலையில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்து, தனக்கு இரண்டு வீச்சும் எனக்கு ஒரு வீச்சுமாக வீசத் தொடங்கினார்.

முதல் நாள் எழுதிய ஒழுங்கில் நான்காவது தவறு. அட்டை, காத்திருப்பவருக்கும்தான்.